நாடியைத் தொட்டுப் பாராமல் பிரஷர் எண்ணை மட்டும் நம்பலாமா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் கிராமங்களில் இன்று அனேகமான வீடுகளில் பிரஷர் பார்க்கும் மின்கருவி ஒன்று இருக்கின்றது. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் அனுப்பியதாகவோ, நகரத்துப் பாமசியில் வாங்கியதாகவோ இருக்கும் அக்கருவி பல முதியவர்களுக்கு நன்மை செய்திருக்கின்றது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், இதயத்துடிப்பு ஒழுங்கற்றிருக்கும் முதியவர்களின் வீடுகளில் அதே கருவி காட்டும் ஒவ்வோர் எண்ணுக்கும் ஏற்றவாறு குளிசையைக் கூட்டுவதும் குறைப்பதும் ஒரு வழக்கமாகி வருவதைப் பார்க்கும்போது, வாங்கும் கடையிலும் கிளினிக்கிலும் சொல்லப்பட வேண்டிய ஒரு விடயம் சொல்லப்படாமல் விடுபட்டிருக்கின்றது என்றே தோன்றுகின்றது. அரச வைத்தியசாலைகளில் மருந்தாளராகக் கடமையாற்றி ஓய்வு பெற்றவன் என்ற வகையில் அதனை உங்கள் பத்திரிகையின் வாயிலாகப் பொதுமக்களுக்கும், கிளினிக்குகளை நடத்தும் சுகாதாரத் துறையினருக்கும் முன்வைக்க விரும்புகின்றேன்.

விடயம் இதுதான்: முதியவர் ஒருவரின் பிரஷர் காலையில் ஒன்றும் மாலையில் வேறொன்றும், ஐந்து நிமிட இடைவெளியில்கூட இன்னொன்றுமாக வருகின்றது என்றால், மருந்தைப் பற்றி யோசிக்கும் முன்னர் அவருடைய மணிக்கட்டில் விரல் வைத்து நாடியைப் பார்க்க வேண்டும். ஏனெனில், ஏறி இறங்குவது எப்போதும் பிரஷர் அல்ல. பல வேளைகளில் இதயத்தின் தாளமே குழம்பியிருக்கும்.

வீட்டுக் கருவி எப்படி அளக்கின்றது என்பதைத் தெரிந்துகொண்டால் இது எளிதில் விளங்கும். கையில் சுற்றிய பட்டி காற்றால் இறுகிப் பின்னர் மெல்லத் தளரும்போது, நாடி ஒவ்வொரு முறையும் அடிக்கையில் பட்டிக்குள் உண்டாகும் சிறு அதிர்வுகளைக் கருவி பதிவுசெய்து, அந்த அதிர்வுகள் கூடிக் குறையும் விதத்திலிருந்து மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் கணக்கிடுகின்றது. அடுத்தடுத்த துடிப்புகள் ஏறத்தாழ ஒரே வலுவுடையவை என்ற எதிர்பார்ப்பிலேயே இந்தக் கணக்கு நிற்கின்றது. தாளம் குழம்பிய இதயத்திலோ ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையிலான நேரம் நீண்டால் இதயம் கூடுதலான குருதியால் நிரம்பி வலுவாக அடிக்கும். இடைவெளி குறுகினால் நிரம்ப நேரமில்லாமல் மெலிதாக அடிக்கும். துலாவில் நீர் இறைக்கும்போது ஒரு வாளி நிறைந்தும் அடுத்தது அரைகுறையாகவும் வந்தால், நாம் பார்த்த ஒரு வாளியை வைத்துக் கிணற்றைப் பற்றி முடிவு சொல்ல முடியாதல்லவா? அத்தகைய ஒருவருக்கு முதலில் 168 என்றும், அடுத்த முறை 134 என்றும், மூன்றாம் முறை 151 என்றும் கருவி காட்டினால், கருவியும் பழுதில்லை. அந்தச் சில நிமிடங்களில் பிரஷர் பேயாட்டம் ஆடவும் இல்லை. அந்த மூன்றில் மிகப் பெரிய எண்ணைப் பிடித்துக்கொண்டு பயப்படுவதும், மிகச் சிறிய எண்ணைப் பார்த்து மகிழ்வதும் ஒரே அளவு தவறானவை.

நான் பணியில் சேர்ந்த காலத்தில் எல்லாக் கிளினிக்குகளிலும் பாதரசக் கருவிதான் இருந்தது. தாதியர் ஒருவர் நோயாளியின் நாடியில் விரல் வைத்துப் பட்டியை ஊதி, பின்னர் ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டி ஓசையைக் கேட்டு அளப்பார். பிரஷரை அளப்பதுதான் நோக்கம் என்றாலும், விரலும் காதும் நாடியோடு பழகியதால், "இவருடைய துடிப்பு ஒரு மாதிரி இருக்கின்றதே" என்று அவருக்கு வேண்டாமலே தெரிந்துவிடும். எத்தனையோ பேர் அந்த ஒரு வார்த்தையால்தான் இதயத்தின் தாளத்தைத் தாளில் பதிவுசெய்யும் ஈ.சி.ஜி. எடுக்க அனுப்பப்பட்டார்கள். பாதரசம் சூழலுக்கும் உடலுக்கும் நஞ்சு என்பதால், 2013ஆம் ஆண்டின் மினமாட்டா உடன்படிக்கைக்குப் பின்னர் உலகமெங்கும் அக்கருவிகள் விலக்கப்பட்டு வருகின்றன. அது நியாயமானதே. ஆனால் பாதரசத்தோடு சேர்த்து நோயாளியின் மணிக்கட்டைத் தொடும் பழக்கத்தையும் நாம் கைவிட்டுவிட்டோம். அதற்கு எந்த உடன்படிக்கையும் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை. நமது ஊர்ப் பரியாரிமார் எதைக் கேட்கும் முன்னரும் நாடி பிடித்தார்கள். அவர்கள் நாடியில் கண்டதாகச் சொன்ன எல்லாவற்றையும் நான் ஏற்றுக்கொள்பவன் அல்லன் என்றாலும், தொட்டுப் பார்த்துவிட்டுப் பேசுவது என்ற அந்த ஒழுங்கு நல்ல ஒழுங்கு.

ஒழுங்கற்ற துடிப்பெல்லாம் ஆபத்தானதல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சீராக அடித்துக்கொண்டிருக்கும் இதயம் இடையிடையே ஒரு துடிப்பை முந்தி அடித்துவிட்டுச் சற்றுத் தாமதிப்பது வயது சென்றவர்களில் மிகச் சாதாரணம். "நெஞ்சு ஒருக்கால் திக்கென்றது" என்று அவர்கள் சொல்வது அனேகமாக இதைத்தான். கவலைக்குரியது வேறொன்று. இதயத்தின் மேலறைகளாகிய சோணையறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டிருக்கும் நிலை அது. வைத்தியர்கள் ஏட்ரியல் பிப்ரிலேஷன் என்பார்கள், கிளினிக் கொப்பியில் ஏ.எப். என்று இரண்டு எழுத்தில் எழுதியிருப்பார்கள். நாடியில் அதற்கு எந்த ஒழுங்கும் இராது; விரைவும் தாமதமும், வலுவும் மெலிவும் எந்தக் கணக்கிலும் அடங்காமல் வரும். நடுங்கும் அறையில் குருதி தேங்கிக் கட்டியாகி, அக்கட்டி மூளைக்குச் செல்லும் குருதிக் குழாயை அடைத்தால் பாரிசவாதம் வரும். இந்நிலை உள்ளவர்களுக்குப் பாரிசவாத ஆபத்து மற்றவர்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு என்பது நெடுங்காலமாக அறியப்பட்ட உண்மை. பல்லாண்டு கால உயர் பிரஷரே இந்நிலைக்கு மிகப் பொதுவான காரணமாகவும் இருப்பதால், இரண்டும் ஒரே உடலில் சேர்ந்திருப்பது தற்செயல் அல்ல. சிறுவயதில் வாதக் காய்ச்சல் வந்து இதய வால்வு சுருங்கியவர்களுக்கும், தைரொயிட் சுரப்பி மிகையாக வேலை செய்பவர்களுக்கும், மதுப்பழக்கம் உள்ளவர்களுக்கும்கூட இது வரலாம். பலருக்கு எந்த அறிகுறியும் இராது. களைப்பு, மூச்சு வாங்குதல், நெஞ்சு படபடப்பு என்று சொல்பவர்களுக்கும், "வயசு போனால் அப்படித்தான்" என்ற பதில் வீட்டிலேயே கிடைத்துவிடும்.

நாடி பார்ப்பதற்குப் படிப்பு வேண்டியதில்லை. சிறிது நேரம் ஆறி இருந்தபின், உள்ளங்கை மேலே பார்க்க, பெருவிரலின் அடிப்பக்கமாக மணிக்கட்டின் ஓரத்தில் பார்ப்பவர் தமது சுட்டுவிரலையும் நடுவிரலையும் மெல்ல வைத்து, மணிக்கூட்டைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். பெருவிரலால் பார்க்கக் கூடாது. பார்ப்பவரின் சொந்த நாடியே அதில் தட்டும். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குவது சீரான நாடிக்குச் சரி, குழம்பிய நாடிக்குச் சரிவராது. எண்ணிக்கையைவிட முக்கியமானது, அடுத்த துடிப்பு எப்போது வரும் என்று விரல் எதிர்பார்க்கக்கூடியதாக இருக்கின்றதா என்பதுதான். எதிர்பார்க்க முடியவில்லை என்றால் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும், அரச வைத்தியசாலையில் அதற்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. சில வீட்டுக் கருவிகளில் சிறிய இதயக் குறி ஒன்று மின்னி எச்சரிக்கும். அதனைப் புறக்கணிக்கக் கூடாது. அதே வேளை அதுவே நோயின் பெயரைச் சொல்லிவிடும் என்றும் எண்ணக் கூடாது. அந்தக் குழப்பம் எவ்வகையானது என்பதை ஈ.சி.ஜி.தான் காட்டும்.

எனது பெரியம்மாவுக்கு எண்பது வயதைத் தாண்டிய பின்னர் நேர்ந்ததைச் சொன்னால், ஒரு எண்ணை நம்புவதன் விளைவு தெளிவாகும். கிளினிக்கில் இரண்டு வகைப் பிரஷர் குளிசைகள் கொடுத்திருந்தார்கள். மகள் மிகுந்த அக்கறையோடு கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் எண்களை எழுதிவந்தார்; மாலையில் 170 என்று வந்த நாட்களில் அவற்றில் ஒன்றான லொசாட்டனைக் கூடுதலாகக் கொடுத்தார், காலையில் 110 என்று வந்த நாட்களில் வழமையான குளிசையையும் நிறுத்தினார். ஒருநாள் விடியற்புறம் பெரியம்மா மலசலகூடத்துக்குப் போக எழுந்தவர் கதவடியில் விழுந்தார். எலும்பு முறியாதது அதிர்ஷ்டம். அவருடைய கொப்பியில் ஒவ்வொரு வருகைக்கும் ஒரு பிரஷர் எண் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தது. ஆனால் அவை எல்லாம் உட்கார்ந்த நிலையில் எடுத்தவை. எழுந்து நிற்க வைத்து ஒரு முறையாவது அளந்ததற்கோ, நாடியின் தாளம் எப்படி இருந்தது என்பதற்கோ ஒரு குறிப்பும் இல்லை. விழுந்த பின்னர் வைத்தியசாலை வாட்டில் இளம் வைத்தியர் ஒருவர் இரண்டையும் பார்த்தார்: நாடி குழம்பியிருந்தது, எழுந்து நின்றதும் மேல் எண் முப்பதுக்கு மேல் இறங்கியது. மகளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கையில் ஒரு கருவியையும் ஓர் எண்ணையும் கொடுத்துவிட்டு, அதனை எப்படி வாசிப்பது என்று யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

எழுந்து நிற்கும்போது பிரஷர் இறங்குவதை நமது கிளினிக்குகள் போதிய அளவு கவனிப்பதில்லை. படுத்தோ இருந்தோ எடுத்த அளவைவிட, எழுந்து நின்ற மூன்று நிமிடங்களுக்குள் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் அது கணக்கிலெடுக்க வேண்டிய வீழ்ச்சி. நீண்டகால நீரிழிவு நரம்புகளைப் பாதித்தவர்களுக்கும், சிறுநீரைக் கூட்டும் குளிசை எடுப்பவர்களுக்கும், புரொஸ்டேட் வீக்கத்துக்காக டம்சுலோசின், பிரசோசின் போன்றவற்றை இரவில் எடுக்கும் ஆண்களுக்கும் இது அடிக்கடி நேரும். புரொஸ்டேட் மருந்தைக் கொடுக்கும் கிளினிக் ஒன்று, பிரஷர் மருந்தைக் கொடுக்கும் கிளினிக் இன்னொன்று; இரண்டு கொப்பிகளையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பவர் யாருமில்லாவிட்டால், இரண்டு நல்ல மருந்துகள் சேர்ந்து ஒரு முதியவரை விழுத்திவிடும். வயிறு நிறையச் சாப்பிட்டபின் தலை கிறுகிறுப்பதும் சிலருக்கு பிரஷர் இவ்வாறு இறங்குவதால்தான்.

நமது பகுதியின் வெயில் வேறு இதில் சேர்கின்றது. சோளகக் காற்று வறண்டு வீசும் மாதங்களில் வியர்த்து நீர் வற்றிய உடலுக்கு, மாரி காலத்தில் அளவாக இருந்த அதே குளிசை அதிகமாகிவிடலாம். அந்த மாதங்களிலேதான் கதிர்காமப் பாதயாத்திரையும் வருகின்றது. உகந்தை மலை முருகனைத் தரிசித்து, குமண, யால காடுகளுக்கூடாகப் பல நாட்கள் நடந்து செல்லும் அடியார்களில் எழுபது வயதைக் கடந்தவர்கள் எத்தனை பேர் என்பதை அந்த வழியில் போனவர்கள் அறிவார்கள். அவர்களைப் போக வேண்டாம் என்று சொல்லும் உரிமை எனக்கில்லை. சொன்னாலும் கேட்க மாட்டார்கள். புறப்படுவதற்குச் சில கிழமைகளுக்கு முன்னரே வைத்தியரிடம், "நான் இத்தனை நாள் நடக்கப் போகின்றேன், இந்தக் குளிசைகளை எப்படி எடுப்பது?" என்று கேட்டுவிட்டுப் போனால் போதும். கந்தசஷ்டி விரதம் பிடிப்பவர்களும், நமது முஸ்லிம் சகோதரர்களில் நோன்பு நோற்கும் முதியவர்களும் அதே கேள்வியை முன்கூட்டியே கேட்பது நல்லது. வயிற்றோட்டமோ வாந்தியோ வந்த நாட்களிலும் சிறுநீர்க் குளிசையையும் லொசாட்டன், எனலாப்ரில் போன்றவற்றையும் தொடர்வதா என்று உடனே விசாரிக்க வேண்டும்; அந்நிலையில் சிறுநீரகம் இலகுவில் பாதிக்கப்படும்.

வீட்டில் அளக்கும் முறையைப் பற்றிச் சில வார்த்தைகள். தேநீர் குடித்து, வெற்றிலை போட்டு, வாசலுக்கு வந்தவருடன் கதைத்துக்கொண்டே கையை நீட்டினால் வரும் எண்ணுக்குப் பெறுமதி இல்லை. அரை மணி நேரம் முன்னரே தேநீர், கோப்பி, புகையிலை ஆகியவற்றை நிறுத்த வேண்டும். சிறுநீர் முட்டிக்கொண்டிருக்கக் கூடாது. முதுகு சாய்ந்து, கால் மேல் கால் போடாமல் பாதங்கள் தரையில் பட, ஐந்து நிமிடம் பேசாமல் இருந்த பின்னர், கையை மேசையிலோ தலையணையிலோ இதயத்தின் மட்டத்தில் வைத்து அளக்க வேண்டும். கை கீழே தொங்கினால் எண் கூடிக் காட்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டியைச் சுற்றினாலும் கூடிக் காட்டும். கருவியோடு வந்த பட்டி எல்லாக் கைகளுக்கும் பொருந்தாது என்பதை விற்பவர்கள் சொல்வதில்லை. மணிக்கட்டில் கட்டும் சிறு கருவிகளைவிட மேற்கையில் கட்டுபவையே நம்பத்தக்கவை.

சீரான நாடி உள்ளவருக்கு ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளப்பது போதும். குழம்பிய நாடி உள்ளவருக்கு மூன்று முறையாவது அளந்து, மூன்றையும் எழுதி, சராசரியைப் பார்க்க வேண்டும். கிளினிக்குக்குப் போவதற்கு முந்திய கிழமையில் காலையும் மாலையும் இவ்வாறு அளந்து எழுதிக்கொண்டு போனால், அந்தத் தாள் வைத்தியருக்குக் கிளினிக்கில் எடுக்கும் ஒற்றை எண்ணைவிடப் பல மடங்கு பயன்படும். வீட்டில் எடுத்த அளவுகளின் சராசரி 135க்கு 85 என்பதைத் தாண்டினால் அதிகம் என்று கொள்வது பொதுவான வரம்பு. மிகவும் தளர்ந்த, அடிக்கடி விழுகின்ற ஒருவருக்கு எவ்வளவு வரை விடலாம் என்பதை அவரைப் பார்க்கும் வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். மற்றைய கிழமைகளில் கருவியை அலுமாரிக்குள் வைத்துவிடலாம். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அளப்பவருக்கு அளக்கும் பயத்தாலேயே எண் ஏறும்.

மருந்துகளைப் பற்றிச் சொல்லாமல் ஒரு மருந்தாளரின் கடிதம் முடிய முடியாது. பெரிய எண்ணைக் கண்டவுடன் குளிசை ஒன்றைக் கூடுதலாக விழுங்குவதும், நிபெடிபின் என்ற பிரஷர் மருந்தை நாக்கின் கீழ் வைத்து நசுக்குவதும் பிரஷரைத் திடீரென்று விழுத்தி, மூளைக்கும் இதயத்துக்கும் செல்லும் குருதியைக் குறைத்துவிடலாம். நாக்கின் கீழ் வைக்கும் அந்தப் பழைய முறையை வைத்திய உலகம் கைவிட்டுப் பல ஆண்டுகளாகின்றன. அயலவர்களின் ஆலோசனையில் மட்டும் அது இன்னும் உயிரோடு இருக்கின்றது. மறுபுறம், அட்டனோலோல், பைசோபிரோலோல் போன்ற, துடிப்பைத் தணிக்கும் குளிசைகளை "இண்டைக்குப் பிரஷர் நோர்மல்" என்று திடீரென நிறுத்தினால் துடிப்பும் பிரஷரும் முன்னிலும் வேகமாக எகிறும்.

ஒரே மருந்தை இரண்டு பெயரில் எடுப்பது இன்னொரு பெரிய தொல்லை. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் வைத்தியசாலைகளில் மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, வெளியே வாங்கும்படி துண்டு எழுதிக் கொடுக்கப்பட்டது. பாமசியில் கிடைத்த கம்பனியின் பெயர் மாதத்துக்கு மாதம் மாறியது. நிறமும் வடிவமும் மாறின. பின்னர் வைத்தியசாலையில் மீண்டும் மருந்து கிடைத்தபோது, வீட்டில் மிஞ்சியிருந்த வெளி மருந்தையும் சேர்த்து எடுத்தவர்களை நான் சந்தித்திருக்கின்றேன். கம்பனிப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரையும் மில்லிகிராம் அளவையும் பேரப்பிள்ளைகளைக் கொண்டாவது வாசித்துப் பார்ப்பது அவசியம். வீட்டிலுள்ள எல்லாக் குளிசைகளையும் ஒரே பையில் போட்டு, ஒவ்வொரு கிளினிக்குக்கும் கொண்டு செல்வதைப் போலப் பயனுள்ள பழக்கம் வேறில்லை.

முழங்கால் வலி இல்லாத முதியவர் நமது ஊரில் அருமை. அதற்காகக் கேட்டவுடன் கிடைக்கும் டைக்லோபெனாக், இபுபுரொபென் போன்றவை உடலில் உப்பையும் நீரையும் தேக்கிப் பிரஷரை ஏற்றும், பிரஷர் மருந்தின் பலனைக் குறைக்கும், சிறுநீரகத்தையும் வருத்தும். குருதி உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவருக்கு அவை வயிற்றில் குருதிப் பெருக்கையே உண்டாக்கலாம். "பிரஷர் ஏன் இறங்கவில்லை?" என்ற கேள்விக்கு விடை பல வீடுகளில் வலிக் குளிசைப் பெட்டியில்தான் இருக்கின்றது, உப்பு ஊறிய கருவாட்டிலும் ஊறுகாயிலும் மீதி இருக்கின்றது. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஒரு தேக்கரண்டியை விடச் சற்றுக் குறைவு அது.

ஏ.எப். என்ற அந்தச் சோணையறை நடுக்கம் உறுதியானவர்களுக்குப் பாரிசவாதத்தைத் தடுக்க, குருதி உறையாமல் தடுக்கும் வார்பரின் அல்லது அபிக்சபான், ரிவரொக்சபான் போன்ற புதிய மருந்துகளில் ஒன்றைக் கொடுப்பார்கள். அஸ்பிரின் எடுத்தால் போதும் என்ற எண்ணம் மக்களிடையே ஆழமாக வேரூன்றியிருக்கின்றது; இந்த நிலையில் பாரிசவாதத்தைத் தடுக்க அஸ்பிரின் போதாது. வாதக் காய்ச்சலால் வால்வு கடுமையாகச் சுருங்கியவர்களுக்கும் செயற்கை உலோக வால்வு பொருத்தியவர்களுக்கும் வார்பரினே உரியது. வார்பரினுக்கு, குருதி உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். என்ற குருதிச் சோதனை இன்றியமையாதது. பெரும்பாலானோருக்கு அது 2க்கும் 3க்கும் இடையில் நிற்க வேண்டும். குறைந்தால் கட்டி, கூடினால் குருதிப் பெருக்கு. முருங்கையிலை, பொன்னாங்காணி, வல்லாரை போன்ற இலைவகைகளிலுள்ள விற்றமின் கே இம்மருந்துக்கு எதிராக வேலை செய்யும் என்பதால் கீரையே தொடக்கூடாது என்று சிலர் விலக்கி வைக்கின்றார்கள். அது தேவையற்றது. கிழமைக்குக் கிழமை ஏறத்தாழ ஒரே அளவாகச் சாப்பிட்டால் மருந்தின் அளவையும் அதற்கேற்ப வைத்தியர் நிலைப்படுத்திவிடுவார். பல் பிடுங்கப் போகும்போதும், வேறு வைத்தியரிடம் அன்ரிபயோட்டிக் வாங்கும்போதும், நாட்டு மருந்து குடிக்கத் தொடங்கும்போதும் வார்பரின் எடுப்பதாகச் சொல்ல வேண்டும். மலம் தார்போலக் கறுத்துப் போனாலோ, பல் முரசில் குருதி நிற்காமல் கசிந்தாலோ, தலை அடிபட விழுந்தாலோ அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

இங்கேதான் சுகாதாரத் துறையினரிடம் எனது வேண்டுகோள்கள் வருகின்றன. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையாகிய படுவான்கரையின் உட்கிராமம் ஒன்றிலிருந்து வாவியைக் கடக்கப் பாதை எனப்படும் படகுக்குக் காத்திருந்து, அக்கரையில் பஸ் பிடித்து, ஒரு ஐ.என்.ஆர். சோதனைக்காகப் பெரிய வைத்தியசாலைக்கு வந்து, முடிவுக்கும் மருந்தின் அளவுக்கும் அன்று முழுவதும் காத்திருக்கும் ஒரு முதியவர் எத்தனை மாதத்துக்கு அதைத் தொடர்வார்? துணைக்கு வருபவரின் அன்றைய கூலியும் போய்விடும். அவர் சோதனையை நிறுத்திவிட்டு மருந்தை மட்டும் தொடர்வார், அல்லது இரண்டையும் நிறுத்துவார். இரண்டும் ஆபத்தானவை. அண்மையிலுள்ள பிரதேச வைத்தியசாலையில் குருதி மாதிரியை எடுத்து ஆதார வைத்தியசாலைக்கு அனுப்பி, மருந்தின் அளவைத் தொலைபேசியில் தெரிவிக்கும் ஒழுங்கைச் செய்ய முடியும். விரல் நுனியில் ஒரு துளி எடுத்துச் சில நிமிடங்களில் ஐ.என்.ஆர். காட்டும் சிறு கருவிகளும் உலகில் பாவனையில் இருக்கின்றன. தூரக் கிராமங்களுக்கு அண்மையிலுள்ள சில வைத்தியசாலைகளுக்காவது அவற்றைக் கொடுப்பது பற்றி யோசிக்கலாம்.

கிளினிக்குகளில் நான் கேட்பது மேலதிகக் கருவி எதையும் அல்ல. பிரஷர் எடுக்கும் முன்னர் மணிக்கட்டில் விரல் வைத்து நாடி சீராக இருக்கின்றதா என்று பார்த்து, கொப்பியில் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சொல் எழுதினால் போதும். விழுந்தவர்கள், தலைச்சுற்று என்று சொல்பவர்கள், நீரிழிவு உள்ள முதியவர்கள் ஆகியோருக்கு மட்டுமாவது எழுந்து நிற்க வைத்து ஒரு முறை அளந்து, அதையும் எழுத வேண்டும். கிளினிக் நாளின் நெரிசலை நான் அறியாதவன் அல்லன். விடிய முன்னரே நம்பர் துண்டுக்கு வரிசை நிற்கும் இடத்தில் ஒரு தாதியர் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு நேரம் கொடுக்க முடியும் என்று கேட்பவர்களுக்கு நியாயம் உண்டு. வரிசையில் காத்திருக்கும் நேரமே அதற்குப் போதுமானது என்பது எனது அபிப்பிராயம். மருந்துப் பையில் வேளையைக் குறிப்பதோடு, இது பிரஷருக்கு, இது துடிப்புக்கு, இது குருதி உறையாமலிருக்க என்று தமிழில் ஒரு வரி எழுதுவதையும், எனக்குப் பின் வந்த மருந்தாளர்களிடம் உரிமையோடு கேட்டுக்கொள்கின்றேன்.

பிரதேச செயலகங்களோடு இணைந்து இயங்கும் முதியோர் சங்கங்கள் நமது கிராமங்களில் இருக்கின்றன. அவற்றின் மாதக் கூட்டத்தில் பொதுச் சுகாதாரத் தாதியர் ஒருவர் வந்து நாடி பார்க்கக் கற்றுக் கொடுத்தால், முதியவர்கள் ஒருவருக்கொருவர் பார்த்துக்கொள்வார்கள். பிள்ளைகள் வெளிநாட்டிலும் கொழும்பிலுமாக இருக்க, கணவனும் மனைவியுமாகத் தனித்திருக்கும் வீடுகளில் இது சிறிய உதவி அல்ல.

எப்போது ஓட வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். எண் பெரிதாக இருந்தும் வேறு ஒன்றும் இல்லையென்றால், அமைதியாக இருக்க வைத்து மீண்டும் அளந்து பார்க்க வேண்டும். அப்படியும் 180க்கு 120 என்ற அளவுக்கு மேலேயே நின்றால் அன்றே வைத்தியருக்குத் தெரிவிக்க வேண்டும். எண் எதுவாக இருந்தாலும், வாய் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கையோ காலோ சோர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, நெஞ்சு இறுகி வலித்தாலோ, மூச்சு முட்டினாலோ, மயங்கி விழுந்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸை வரவழைக்க வேண்டும். பாரிசவாதத்தில் அடைப்பைக் கரைக்கும் ஊசி மருந்தை அறிகுறி தொடங்கிய நான்கரை மணித்தியாலத்துக்குள்தான் கொடுக்க முடியும். அதுவும் தலையை ஸ்கான் செய்து பார்த்த பின்னர்தான். ஆகவே கடைசியாக அவர் நன்றாக இருந்ததைக் கண்ட நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். வாயால் குளிசையோ தண்ணீரோ கொடுக்கக் கூடாது. விழுங்க முடியாமல் மூச்சுக்குழாய்க்குள் போகும். எண்ணெய் தடவி உருவுவதற்கு ஆள் தேடி அந்த மணித்தியாலங்களைக் கழித்தவர்களை நமது ஊர்களில் இன்றும் காண்கின்றோம். வார்பரின் எடுப்பவர் என்றால் அதை அம்புலன்ஸில் வருபவரிடம் முதலாவதாகச் சொல்ல வேண்டும். கிளினிக் கொப்பியும் மருந்துப் பையும் கூடவே போக வேண்டும்.

உங்கள் பத்திரிகையின் சுகாதாரப் பக்கத்தில் நாடி பார்க்கும் முறையை ஒரு படத்துடனும், வீட்டில் பிரஷர் எழுதுவதற்கான ஒரு கிழமை அட்டவணையுடனும், வயது சென்றவர்கள் வாசிக்கக்கூடிய பெரிய எழுத்தில், வெட்டி எடுத்துச் சுவரில் ஒட்டக்கூடியதாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கின்றேன். அடுத்த கதிர்காமப் பாதயாத்திரை புறப்படுவதற்கு முன்னர் அது வெளிவந்தால், அடியார்கள் கூடும் ஆலயங்களிலும் எமது பகுதி முதியோர் சங்கங்களிலும் அதனைப் பிரதி செய்து கொடுக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்வேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளர் ஒருவர்,
களுவாஞ்சிக்குடி.